பாடம் தெரியும், செய்து முடிக்க வரவில்லை: எந்த உதவியை முதலில் தேடுவது?

சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை, ஏழாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகனின் பள்ளிப் பையைக் கூடத்துத் தரையில் கவிழ்த்துக் கொட்டினேன். மூடி இல்லாத மூன்று பேனாக்கள், காய்ந்துபோன ஒரு கொய்யா, ஓரம் மடங்கிய சுற்றறிக்கைகள் எல்லாம் விழுந்தன. சமூக அறிவியல் நோட்டின் பழுப்பு அட்டைக்குள் ஒரு தாள் செருகியிருந்தது. தாவரச் செல்லின் படம். பசுங்கணிகங்களைத் தனித்தனியாகப் பச்சைப் பென்சிலால் தீட்டி, பாகங்களின் பெயர்களை அடிக்கோடிட்டு எழுதி, தேதியும் போட்டிருந்தான். மூன்று வாரங்களுக்கு முன்பே முடித்த வேலை அது. அந்தப் படத்துக்காகத்தான் டைரியில் "ஒப்படைக்கவில்லை" என்று சிவப்பு மையில் இரண்டு முறை எழுதி வந்திருந்தது. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு, "மிஸ் கேட்டப்ப ஞாபகம் வரலம்மா, ஞாபகம் வந்தப்ப மிஸ் கிளாஸ விட்டுப் போயிட்டாங்க" என்றான்.

அதுவரை அவனுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் செயல் நிர்வாகத் திறனில் குறை உள்ள பிள்ளைகளிடம் பெற்றோர் முதலில் காண்பது பெரும்பாலும் சோம்பல் போன்ற ஒரு தோற்றமே. உண்மையில் பழுது வேறிடத்தில் இருக்கிறது. ஒரு வேலையைத் தொடங்குவது, சொன்னதை மனத்தில் நிறுத்தி வைப்பது, எவ்வளவு நேரமாகும் என்று கணிப்பது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது, முடித்ததை உரிய இடத்தில் சேர்ப்பது ஆகிய வேலைகளை மூளையின் முன்பகுதி கவனித்துக்கொள்கிறது. அந்தப் பகுதி சில பிள்ளைகளுக்குத் தாமதமாகவே முதிர்கிறது. இந்தத் திறன்குறை பெரும்பாலும் காணப்படும் ஏடிஹெச்டி (கவனச் சிதறலும் துடிதுடிப்பும் மிகுந்த குறைபாடு) உள்ள பிள்ளைகளின் மூளைப் புறணியை, அதாவது மூளையின் மேலடுக்கை, ஸ்கேன் மூலம் ஆராய்ந்து அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை வயதையொட்டி எட்டும் வளர்ச்சிக் கட்டம் இவர்களுக்குப் பத்தரை வயதையொட்டியே வந்தது. உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பெற்றோருக்கு ஓர் எளிய கணக்கு சொல்வார்: தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் திறனில் இந்தப் பிள்ளைகள் வயதுக்குச் சுமார் 30 விழுக்காடு பின்தங்கியிருப்பார்கள். அந்தக் கணக்குப்படி, பன்னிரண்டு வயதுப் பையனிடம் எட்டரை வயதுக்குரிய பொறுப்பைத்தான் எதிர்பார்க்க முடியும். அவனுடைய அறிவு பன்னிரண்டுக்குரியதாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம்.

இதை ஏற்றுக்கொண்ட பிறகு, எந்த உதவியை நாடுவது என்ற கேள்வி வந்தது. டியூஷன், பெற்றோர் பக்கத்தில் அமர்வது, சிறப்பாசிரியர் அல்லது சிகிச்சையாளரின் பயிற்சி, பள்ளியுடன் ஏற்பாடு, மருந்து, பள்ளி முறையையே மாற்றுவது என ஆறு வழிகளை எங்களிடம் சொன்னார்கள். இவற்றில் நான்கை நாங்கள் நேரில் பார்த்துவிட்டோம். மற்ற இரண்டையும் விசாரித்து எடைபோட்டிருக்கிறோம். இவற்றை ஒப்பிடும் முன் ஒரு வேலை செய்வது நல்லது என்பது என் அனுபவம். ஒரு வீட்டுப்பாடம் வகுப்பில் தொடங்கி ஆசிரியர் கைக்குப் போய்ச் சேரும் வரை ஆறு கண்ணிகள் இருக்கின்றன: டைரியில் எழுதிக்கொள்வது, தேவையான புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது, உட்கார்ந்து தொடங்குவது, முடிக்கும் வரை தொடர்வது, முடித்ததைப் பைக்குள் வைப்பது, மறுநாள் கொடுப்பது. எந்தக் கண்ணியில் அறுந்தது என்று இரண்டு வாரம் ஒரு பழைய நோட்டில் குறித்து வந்தோம். பாடம் புரியாததால் நின்றுபோன வேலைகள் மிகச் சிலவே. பெரும்பாலானவை முதல் கண்ணியிலோ மூன்றாவதிலோ கடைசியிலோ அறுந்திருந்தன. அந்த நோட்டை முன்பே எழுதியிருந்தால் டியூஷனுக்கு ஓராண்டு கட்டிய பணம் மிஞ்சியிருக்கும்.

நம் ஊரில் மதிப்பெண் குறைந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது டியூஷன்தான். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஐந்தரை மணி முதல் ஏழரை மணி வரை, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுடன் ஒரு மாடி அறையில் அவன் உட்கார்ந்திருந்தான். பள்ளியில் நடத்திய பாடத்தையே அங்கே மறுபடி நடத்தினார்கள். அவனுக்குத் தெரிந்ததையே மீண்டும் தெரியப்படுத்தினார்கள். அத்துடன் டியூஷனுக்கென்று தனி நோட்டுகளும், தனி வீட்டுப்பாடமும், தனி வாரத் தேர்வும் சேர்ந்துகொண்டன. ஏற்கெனவே ஆறு பாட நோட்டுகளைக் கையாளத் திணறும் பிள்ளையிடம் பன்னிரண்டு நோட்டுகள் வந்து சேர்ந்தன. இரவு எட்டு மணிக்குக் களைத்து வந்தவனிடம் பள்ளி வீட்டுப்பாடம் அப்படியே மிச்சமிருந்தது. அங்கிருந்த ஆசிரியரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பாடம் புரியாத பிள்ளைக்கு அவர் நல்ல ஆசிரியர். எங்கள் பிள்ளையின் குறை அதுவாக இருக்கவில்லை.

ஆனாலும் டியூஷனில் ஒரு நன்மையைக் கண்டேன். பிறகு எடுத்த முடிவுகளுக்கு அதுவே வழிகாட்டியது. கணக்கு எழுதும் நேரத்தில், சுற்றியிருக்கும் பிள்ளைகள் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தால் இவனும் எழுதினான். வீட்டில் தனியறையில் ஒரு மணி நேரம் ஆகும் அதே கணக்குகளை அங்கே இருபது நிமிடத்தில் முடித்தான். வேலை செய்யும் இன்னொருவரின் அருகாமைதான் அவனைத் தொடங்கவைத்தது. இதை உணர்ந்தால் பெரிய டியூஷனுக்குப் பதில், தெருவில் கல்லூரி படிக்கும் ஓர் அக்காவையோ அண்ணனையோ தினமும் ஒரு மணி நேரம் உடன் உட்காரச் சொல்லலாம். அவர் பாடம் நடத்த வேண்டியதில்லை. டைரியைத் திறக்கச் சொல்லி, முடித்ததைப் பைக்குள் வைக்கும் வரை பார்த்துக்கொண்டால் போதும். பெற்றோர் இருவரும் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார்கள் என்றால், என் பார்வையில் இதுவே அவர்களுக்கு முதல் தேர்வு.

இரண்டாவது வழி, பெற்றோரே பக்கத்தில் அமர்வது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. எங்களுக்குக் கைவரச் சில மாதங்கள் ஆயின. நான் முதலில் செய்த தவறு, அமர்ந்தவுடன் ஆசிரியராகிவிட்டது. எழுத்து சரியில்லை, நேற்று ஏன் செய்யவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார் என்று தொடங்கி, அரை மணியில் இருவரும் அழுதுவிடுவோம். இப்போது நான் என் வேலையை எடுத்துக்கொண்டு மேசையின் மறுபுறம் உட்காருகிறேன். பீன்ஸ் நறுக்குவேன், அல்லது வீட்டுக் கணக்கு எழுதுவேன். பள்ளியிலிருந்து வந்து சிற்றுண்டி முடிந்து பத்து நிமிடத்துக்குள் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்பது மட்டும் மாறாத விதி. தொலைக்காட்சி ஓடத் தொடங்கிய பிறகு அவனைத் திருப்புவது இருவருக்கும் துன்பம். "ஹோம்வொர்க் செய்" என்று சொல்வதில்லை, ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் பத்து வேலைகள் இருக்கின்றன, எதிலிருந்து தொடங்குவது என்று அவனுக்குத் தெரியாது. "கணக்கு நோட்டை எடு, தேதி போடு" என்கிறேன். தேதி போட்டுவிட்டால் பாதி நாட்களில் மீதி தானாக நடக்கிறது.

கணக்குத் தாளை ஒரே நேரத்தில் முழுவதுமாக அவன் கண்ணில் படவிடுவதில்லை. பத்துக் கணக்கு உள்ள பக்கத்தை விசிறிபோல மடித்து ஒரு கணக்கு மட்டும் தெரியும்படி வைக்கிறோம். முடித்ததும் அடுத்த மடிப்பைப் பிரிக்கிறான். முள் கடிகாரத்தின் கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் ஆறு மணிக்கும் ஆறு இருபதுக்கும் கோடு போட்டு இடையே வண்ணம் தீட்டிவிட்டால், பெரிய முள் அந்த வண்ணத்தைக் கடந்து செல்வதைப் பார்க்கிறான். இருபது நிமிடம் என்பது அவனுக்குக் காதில் விழும்போது ஒன்றுமில்லை. கண்ணில் பட்டால் பொருள்படுகிறது.

இவ்வழிக்கு ஆய்வின் ஆதரவும் உண்டு. ஃபுளோரிடாவில் 5 முதல் 12 வயது வரையிலான 75 ஏடிஹெச்டி பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப்பாட நேரத்தை எப்படி நடத்துவது என்று பெற்றோருக்குப் பயிற்சியளித்து, பள்ளியிலிருந்து தினசரி மதிப்பீட்டு அட்டையும் கொடுத்தபோது, பிள்ளைகள் முடித்த வீட்டுப்பாடமும் அதன் சரித்தன்மையும் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தன. அதே ஆய்வில் ஏடிஹெச்டிக்கு மருத்துவர்கள் கொடுக்கும் ஊக்கமருந்து தனியாக வீட்டுப்பாடத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் தரவில்லை. பயிற்சியால் வந்த அந்த உயர்வு சிறிதாகத் தோன்றலாம். தேர்ச்சிக்கும் தோல்விக்கும் இடையே நிற்கும் பிள்ளைக்கு அது சிறிதன்று.

இவ்வழியின் விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடைமுறையில் இந்தப் பாரம் தாயின் தலையில்தான் விழுகிறது. அவளுடைய மாலைப் பொழுது முழுவதும் போய்விடுகிறது. "நீ பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவனைக் கெடுத்துவிட்டாய்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சில் ஓர் உண்மையான எச்சரிக்கை இருப்பதை நான் மறுக்க மாட்டேன். அவசரத்தில் பையை நானே அடுக்கிய நாட்களில் அவன் எதையும் கற்கவில்லை. அவன் கையால் அடுக்க வேண்டும். நான் பக்கத்தில் நிற்க வேண்டும். சில வாரங்கள் அருகில் அமர்வது, பிறகு அதே அறையில் வேறு மூலைக்கு நகர்வது, பிறகு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது என்று விலகும் திட்டமும் சேர்ந்திருந்தால்தான் இந்த உதவி நிறைவடையும். கண்பார்வை குறைந்த பிள்ளை கண்ணாடி போடுவதை யாரும் செல்லம் என்று சொல்வதில்லை என்று என் மாமியாரிடம் ஒருநாள் சொன்னேன். அன்று முதல் அவரே மாலையில் மேசையருகே பூக்கட்ட உட்காருகிறார். அவர் இருந்தாலும் பையன் எழுதுகிறான்.

வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வந்துவிடுவதால் டைரி தேவையில்லை என்ற கருத்து இப்போது பரவியிருக்கிறது. செயல் நிர்வாகத் திறன் குறைந்த பிள்ளைக்கு அது நல்லதன்று என்பது என் கணிப்பு. வீட்டுப்பாடத்தைப் பார்க்கக் கைபேசியைத் தொட்டால் அதிலுள்ள மற்றவையும் அழைக்கும். அலாரம் அடித்தால் விரலால் ஒதுக்கிவிட்டு மறந்துவிடுவான். வாசற்கதவின் உட்புறத்தில் அவன் கண்மட்டத்தில் ஒரு வெள்ளைப் பலகை, முடித்த வேலைகளுக்கென்று ஒரே ஒரு மஞ்சள் நிறக் கோப்பு ஆகிய இரண்டும் எந்தச் செயலியைவிடவும் எங்களுக்கு உதவின. எல்லாப் பாடத்துக்கும் அதே கோப்புதான். பிரித்து வைக்கச் சொன்னால் மறுபடி தொலையும்.

மூன்றாவது வழியான பயிற்சிக்கு வருவோம். இதில் யார் எதற்கு என்ற குழப்பம் பல பெற்றோருக்கு இருக்கிறது. எழுதுவதும் படிப்பதும் கடினமாக இருந்தால் சிறப்பாசிரியர். கை ஒருங்கிணைப்பு, உட்காரும் நிலை, அன்றாடப் பழக்கங்கள் ஆகியவற்றில் சிக்கல் இருந்தால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். எது குறை என்றே தெரியவில்லை என்றால் மதிப்பீட்டுக்கு முதலில் மருத்துவ உளவியலாளர். நாங்கள் மணிக்கு 600 ரூபாய் வீதம் வாரம் இருமுறை மூன்று மாதம் கொடுத்தோம். பணம் இல்லாதவர்களுக்கும் வாசல் இருக்கிறது. பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கான தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் கட்டணமின்றி மதிப்பீடு செய்கிறார்கள். சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டிலுள்ள, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் மதிப்பீடும் சிறப்புக் கல்விச் சேவையும் உண்டு.

பயிற்சி பலன் தருமா என்றால், தரும். அமெரிக்காவில் ஹோவர்ட் அபிகாஃப் குழுவினர் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான 158 பிள்ளைகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பிரிவுக்குப் பொருட்களை ஒழுங்குபடுத்தவும் நேரத்தைத் திட்டமிடவும் நேரடிப் பயிற்சி அளித்தார்கள். இன்னொரு பிரிவில் பிள்ளைக்குத் திறன் எதையும் கற்பிக்காமல், ஒழுங்காகச் செய்ததைப் பாராட்டிப் பரிசளிக்கப் பெற்றோரையும் ஆசிரியரையும் மட்டும் பழக்கினார்கள். எந்த உதவியும் பெறாமல் காத்திருந்த பிரிவைவிட இரு பிரிவுகளும் நன்றாக முன்னேறின. தங்களுக்குள் பெரும்பாலான அளவுகோல்களில் பெரிய வேறுபாடு காட்டவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: நல்ல பயிற்சியாளர் ஊரில் கிடைக்காவிட்டால் பெற்றோர் இடிந்துபோக வேண்டியதில்லை. கிடைத்தால், அவர் அறைக்குள் கற்றுத் தருவதைப் பள்ளியிலும் வீட்டிலும் அதே வாரம் பழக்க வேண்டும். அந்த இணைப்பைப் பற்றிப் பேசாத பயிற்சியாளரிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம். எங்கள் மகன் அங்கே மாதிரி அட்டவணையை அழகாக நிரப்பினான். பள்ளியில் கடைசி மணி அடித்தபோது டைரியைத் திறக்கவில்லை.

நினைவாற்றலைக் கூட்டுவதாக விளம்பரம் செய்யும் மூளைப் பயிற்சி வகுப்புகளை நாங்கள் தொடவில்லை. செயல்நினைவுப் பயிற்சி (சொன்னதைச் சற்று நேரம் மனத்தில் நிறுத்தப் பழக்குவது) குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு, பழகிய விளையாட்டில் பிள்ளைகள் முன்னேறினாலும் வாசிப்புக்கோ கணக்குக்கோ அந்த முன்னேற்றம் வந்து சேரவில்லை என்று காட்டியது.

பணச் செலவே இல்லாத வழி, பள்ளியுடன் பேசுவது. மிக வலிமையானதும் அதுவே, ஏனெனில் எங்கள் பட்டியலில் முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் வகுப்பறைக்குள்தான் அறுகின்றன. அங்கே என் கை எட்டாது. ஆனால் இது முழுக்க ஒரு வகுப்பாசிரியரின் மனத்தைச் சார்ந்தது. ஐம்பது பிள்ளைகளை வைத்துத் திண்டாடும் ஆசிரியரிடம் "என் பிள்ளையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பதால் பயனில்லை. அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. நாங்கள் ஒரு கடிதத்தில் மூன்றே மூன்று வேண்டுகோள்களை எழுதினோம். கடைசி மணிக்கு முன் அவனுடைய டைரியை ஒருமுறை பார்த்துக் கையொப்பமிட வேண்டும். வேலைகளை வாங்கும்போது பொதுவாகக் கேட்காமல் அவன் பெயரைச் சொல்லி "மஞ்சள் கோப்பு எங்கே?" என்று கேட்க வேண்டும். செயல்திட்டம் போன்ற பெரிய வேலைகளுக்கு ஒரே கடைசி நாளுக்குப் பதிலாக மூன்று சிறிய நாட்களைக் குறித்துக் கொடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து ஆசிரியருக்கு ஒரு நிமிட வேலை. முதலிரண்டையும் அவர் ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு "ஒப்படைக்கவில்லை" என்ற சிவப்பு எழுத்து எங்கள் வீட்டுக்கு அரிதாகத்தான் வருகிறது. அந்த ஆசிரியருக்கு நான் வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பொதுத்தேர்வுச் சலுகைகளை எண்ணிப் பள்ளியை அணுகுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் இருக்கின்றன. ஏடிஹெச்டி தனியாக இடம்பெறவில்லை. ஆகவே செயல் நிர்வாகத் திறன் குறைவு மட்டும் உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரமோ, சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தரும் எழுதுநரோ கிடைப்பது கடினம். டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் சிரமம்) போன்ற கற்றல் குறைபாடு கூடவே இருக்கும் வாய்ப்புள்ளதால் அதையும் சேர்த்து மதிப்பிடச் சொல்ல வேண்டும். சான்று இருந்தால் சி.பி.எஸ்.இ. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது. தமிழ்நாட்டு அரசுத் தேர்வுத் துறையிலும் கூடுதல் நேரம், எழுதுநர், மொழிப்பாட விலக்கு போன்றவை உண்டு. பத்தாம் வகுப்பின் நடுவில் ஓடுவதைவிட எட்டாம் வகுப்பிலேயே மதிப்பீட்டை முடித்துவிடுவது பாதுகாப்பானது.

மருந்தைப் பற்றிப் பேசும்போது எங்கள் சுற்றத்தில் இரண்டு குரல்கள்தான் கேட்டன: தொட்டால் பிள்ளை பாழாகிவிடும் என்று ஒன்று, விழுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மற்றொன்று. இரண்டும் பிழை. 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதம் தொடர்ந்து ஏடிஹெச்டிக்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு 1999-இல் வெளியான எம்.டி.ஏ. ஆய்வில், கவனச் சிதறல், துடிதுடிப்பு ஆகிய அறிகுறிகளைக் குறைப்பதில் நன்கு கண்காணித்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சியைவிட மேலாக இருந்தது. ஆனால் மருந்து எந்தப் பிள்ளைக்கும் டைரி எழுதக் கற்றுத் தராது. அந்தப் பழக்கத்தை உள்வாங்கும் நிலையில் அவனை உட்கார வைக்கலாம். பசி குறைவதும் தூக்கம் கெடுவதும் மெத்தில்ஃபெனிடேட் என்னும் ஏடிஹெச்டி மருந்தின் அறிந்த பக்கவிளைவுகள் என்பதால் எடையையும் உயரத்தையும் அவ்வப்போது பார்த்துவர வேண்டும். அருகில் ஒருவர் அமர்ந்தும் பிள்ளையால் ஐந்து நிமிடம் நிலைக்க முடியவில்லை, வகுப்பு நேரமே முழுவதும் கைநழுவுகிறது, சாலையில் பாய்ந்து ஆபத்தைத் தேடிக்கொள்கிறான் என்றால், மற்ற வழிகளுக்காகக் காத்திராமல் குழந்தை மனநல மருத்துவரை முதலிலேயே பார்க்க வேண்டும். எங்கள் மகனின் நிலை அவ்வளவு கடுமையானதில்லை. மருத்துவரும் நாங்களும் பேசி, இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

பள்ளியை விட்டு விலக்கி என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்க்கும்படியும் சிலர் சொன்னார்கள். பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடங்கள், பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வெழுதலாம் என்பதால், பள்ளியிலேயே மனமுடைந்துபோன பிள்ளைக்கு அது பெரிய விடுதலை. ஆனால் காலக்கெடு தளர்வாக இருந்தால் காலத்தை ஆள வேண்டிய பொறுப்பு பிள்ளையிடமே வந்து சேர்கிறது. எங்கள் மகனுக்குக் குறையாக இருப்பதே அந்தத் திறன். வீட்டில் நாள் முழுவதும் கால அட்டவணையை நடத்த ஒருவர் இருந்தாலொழிய நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஆகவே இந்த ஜூன் மாதம் அவன் எட்டாம் வகுப்புக்குப் போகும்போது எங்கள் வரிசை இப்படி அமைகிறது. முதல் வாரத்திலேயே புதிய வகுப்பாசிரியரிடம் மூன்று வேண்டுகோள்களுள்ள கடிதத்தைக் கொடுப்போம்; மூன்றாவதை இம்முறை கொஞ்சம் வற்புறுத்துவோம். மாலையில் மேசை தொடரும். திங்களும் வியாழனும் என் கணவர் அமர்வார், மற்ற நாட்களில் நானோ மாமியாரோ. டியூஷன் இல்லை, கணக்கில் மட்டும் புரியாத இடம் வந்தால் மாடி வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் கேட்டுக்கொள்வான். அதே பழைய நோட்டில் ஆறு கண்ணிகளையும் காலாண்டுத் தேர்வு வரை குறித்து வருவோம். தொடங்கும் கண்ணி அப்போதும் வாரத்தில் பாதி நாள் அறுந்தால் மருத்துவரிடம் மருந்தைப் பற்றி மறுபடி பேசுவோம். கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டுக்கு ஜூலையில் நாள் வாங்கியாயிற்று. வெள்ளைப் பலகையில் அந்தத் தேதியை அவனையே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு மஞ்சள் கோப்பின் படமும் வரைந்து வைத்திருக்கிறான்.